பதினாறு குழந்தைகள், நாற்பது நிமிடம்: வெளிநாட்டு மழலையர் பள்ளியில் ஓர் ஆங்கில ஆசிரியரின் முதல் பருவம்

இந்த ஆய்வில் வரும் ஆசிரியர் தனி ஒருவர் அல்ல. சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடு போகிறவர்கள் முதல் பன்னிரண்டு வாரங்களில் எங்கெங்கே இடறுகிறார்களோ அவற்றையெல்லாம் ஒரே வகுப்பறையில் வைத்துக் கோத்திருக்கிறோம். தலைக்கணக்கும் நிமிடக் கணக்கும் அந்த மாதிரி வகுப்புக்கானவை. நாடு மாறினால் விசாவின் பெயர் மாறும், சம்பளம் மாறும். நான்கு வயதுக் குழந்தை எங்கும் நான்கு வயதுக் குழந்தைதான்.

நிலவரம்

ஆசிரியருக்கு இருபத்தைந்து வயது. இளங்கலைப் பட்டமும் 120 மணி நேர இணையவழிப் பயிற்சிச் சான்றிதழும் கையில் இருந்தன. அந்தப் பயிற்சியில் ஒரு நிமிடம்கூடக் குழந்தைகள் முன்னால் நின்றதில்லை. செல்டா (CELTA, ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேம்பிரிட்ஜ் சான்றிதழ்) போன்ற படிப்புகளில் 6 மணி நேரம் கண்காணிப்பின்கீழ் பாடம் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதுவும் பெரியவர்களுக்குக் கற்பிப்பதை முன்வைத்து அமைந்தது. மழலையர் வகுப்பை நடத்தும் முறையைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

பள்ளி தனியாருடையது. மூன்று வயதில் 12 பேர், நான்கு வயதில் 16 பேர், ஐந்து வயதில் 18 பேர் என மூன்று வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் தினம் 40 நிமிட ஆங்கிலப் பாடம். ஒவ்வொரு வகுப்பிலும் உள்ளூர் மொழி பேசும் துணை ஆசிரியர் ஒருவர் நாள் முழுக்க இருக்கிறார். முந்தைய ஆங்கில ஆசிரியர் போய் மூன்று வாரமாகியிருந்தது. அவர் விட்டுப்போனது ஒரு பெட்டி ஃபிளாஷ் கார்டு மட்டும். எந்த வகுப்பில் எதுவரை நடத்தினார் என்று ஒரு வரிக் குறிப்பும் இல்லை. இரண்டு நாள் வகுப்பைப் பார்க்கவிட்டு, மூன்றாம் நாள் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. எல்லா இடத்திலும் அப்படித்தான்: புது முகம், புதுக் குரல், குழந்தைகள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பு கைக்குள் வந்துவிட்டது என்று அதை எடுத்துக்கொள்வதுதான் முதல் பிழை. இரண்டாம் வாரத்தில் நான்கு வயது வகுப்பு குலைந்தது. மூன்றாம் வாரத்தில் ஆசிரியருக்குத் தொண்டை கட்டியது. நான்காம் வாரம் காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு. ஐந்தாம் வாரத்தில் ஒரு தாய் முதல்வரிடம் வந்து, “ஒரு மாதமாகிறது, வீட்டில் ஒரு ஆங்கில வார்த்தைகூட வாயில் வரவில்லை” என்றார். ஆறாம் வாரத்தில், இந்த வேலை தனக்குச் சரிப்படாது என்ற முடிவுக்கே ஆசிரியர் வந்திருந்தார்.

காய்ச்சல் நீங்கலாக மற்றவற்றுக்கு வேர் ஏறக்குறைய ஒன்றுதான். பாட்டைத் திட்டமிட்டிருந்தார், வார்த்தைகளைத் திட்டமிட்டிருந்தார், வண்ணம் தீட்டுவதைத் திட்டமிட்டிருந்தார். பாட்டிலிருந்து வார்த்தைக்கும் வார்த்தையிலிருந்து மேசைக்கும் எப்படிப் போவது என்பது திட்டத்தில் எங்கும் இல்லை. மழலையர் வகுப்பு பெரும்பாலும் பாடத்தின் நடுவில் குலைவதில்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் குலைகிறது.

கடிகாரம் வைத்துப் பார்த்தது

ஆறாம் வாரத்தில் மூத்த ஆசிரியர் ஒருவர் நான்கு வயது வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பாடம் விலங்குகள்.

முதல் 4 நிமிடம் வணக்கப் பாட்டு, எல்லோரும் பாடினார்கள். அடுத்த 3 நிமிடம் ஆசிரியர் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடி அலமாரியில் கார்டு தேடினார். இருவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார்கள். பிறகு 8 நிமிடம் பன்னிரண்டு விலங்குகள், ஒவ்வொன்றாகக் காட்டி, சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து. ஆறாவது கார்டிலேயே பின்வரிசை தரையில் படுத்துவிட்டது. மேசைக்குப் போக 6 நிமிடம்: பதினாறு பேரும் ஒன்றாக எழுந்தார்கள், ஒரே நாற்காலிக்கு மூன்று பேர் போட்டி, மேசைக்கு ஒரே ஒரு க்ரேயான் பெட்டி. ஆசிரியரின் குரல் ஏறியது இங்கேதான். நாய்ப் படத்துக்கு வண்ணம் தீட்ட 12 நிமிடம். அந்த நேரம் முழுக்கக் குழந்தைகள் பேசியது தாய்மொழி. எடுத்துவைக்க 5 நிமிடம், விடைபெறும் பாட்டுக்கு 2.

கூட்டிப் பார்த்தால் ஆங்கிலம் நடந்தது 14 நிமிடம். இடைவெளியில் போனதும் அதே 14 நிமிடம். தொண்டை கட்டியதற்கான காரணமும் அந்தப் பதினான்கு நிமிடத்துக்குள்தான் இருந்தது, ஏனெனில் கத்தல் வேறு எங்கும் இல்லை. ஆசிரியரோ தினமும் இரவு புது விளையாட்டுகளைத் தேடி அச்செடுத்துக்கொண்டிருந்தார். புது விளையாட்டு என்றால் புது விதி, புது விதி என்றால் இன்னொரு இடைவெளி. உழைப்பு கூடக்கூட வகுப்பு மோசமானதற்கு இதுவே காரணம். மனமுவந்து உழைக்கிறவர்கள்தான் இந்தப் பள்ளத்தில் அதிகம் விழுகிறார்கள்.

தரையிலிருந்து தொடங்கியது

முதல் மாற்றம் உட்காரும் இடம். நிற ஒட்டுநாடாவால் தரையில் பதினாறு அடையாளங்கள்: முன் வளைவில் ஏழு, பின் வளைவில் ஒன்பது, முன்னால் இருப்பவர் தலை பின்னால் இருப்பவரை மறைக்காதபடி தள்ளித் தள்ளி. ஓர் அடையாளத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் முழங்கை இடிக்கும், இடித்தால் தள்ளுவார்கள். யார் எங்கே உட்கார்வது என்பதைத் துணை ஆசிரியர் முடிவு செய்தார். எந்த இருவரைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும். ஆசிரியரின் நாற்காலி ஜன்னலுக்கு முன்னாலிருந்து எதிர்ச் சுவருக்குப் போனது. முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் இருண்டுவிடும். புது மொழி கேட்கும் குழந்தைக்கு வாயசைவு தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது, கார்டுகள். பழைய கார்டுகள் உள்ளங்கை அளவு. பின்வரிசைக்குப் படம் தெரியவில்லை. அதனால்தான் அந்த வரிசை முதலில் படுத்தது. ஏ4 அளவில் புதிதாக அச்செடுத்து, பளபளக்காத தாளில் லேமினேட் செய்து, நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டினார்கள். கூர்மையான லேமினேட் மூலை குழந்தையின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் ஆபத்து. பாடத்துக்கு முன்பே, காட்டும் வரிசையில், கார்டுகள் நாற்காலிக்கடியில் தயாராக இருக்கும். அலமாரியைத் திறப்பது பாடம் முடிந்த பிறகுதான். புது வார்த்தை பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைந்தது. கூடவே பழைய வார்த்தை மூன்று. மூன்று வயது வகுப்புக்கு மூன்று புது வார்த்தை போதும். அந்த வகுப்பின் 40 நிமிடத்தையும் காலையில் 20, மாலையில் 20 எனப் பிரித்தார்கள்.

பெரிய மாற்றம் மேசைக்குப் போகும் அந்த ஆறு நிமிடத்தில் நடந்தது. மேசைகள் வகுப்புக்கு முன்பே தயார்: ஒவ்வோர் இருக்கையிலும் தாள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், நான்கு மேசைக்கும் நான்கு விலங்குப் படம் ஒட்டியிருக்கும். ஆசிரியர் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சிறிய படச்சீட்டுக் கொடுக்கிறார். “கேட்” என்றதும் பூனைச் சீட்டு வைத்திருக்கும் நால்வர் மட்டும் எழுந்து, சீட்டை ஆசிரியரிடம் காட்டி, பூனை ஒட்டிய மேசைக்குப் போகிறார்கள். மற்ற பன்னிரண்டு பேரும் தங்கள் சொல் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆறு நிமிடம் மூன்றானது. அந்த மூன்றும் ஆங்கிலப் பாடமாகவே ஆனது. அதுவும் பாடத்திலேயே நல்ல பகுதியாக. கார்டைப் பார்த்துக் கூட்டமாகக் கத்தும்போது குழந்தைக்கு வார்த்தையின் பொருள் தேவையில்லை, பக்கத்தில் இருப்பவன் சொல்வதைச் சொன்னால் போதும். சீட்டோடு காத்திருக்கும்போது பொருள் தெரிந்தால்தான் எழ முடியும்.

க்ரேயான் கடைசியில்தான் கைக்கு வரும். குழந்தைக்கு நான்கு, சிறு கிண்ணத்தில், துணை ஆசிரியரிடம் காத்திருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் ஒரு தாளில் செய்து காட்டி முடித்த பிறகே கிண்ணம் மேசைக்கு வரும். பொருள் கைக்கு வந்துவிட்டால் காது மூடிக்கொள்ளும். இதற்கு விதிவிலக்கான நான்கு வயதுக் குழந்தை அரிது. வண்ணம் தீட்டும் நேரம் 12 நிமிடத்திலிருந்து 7 ஆனது. அந்த ஏழிலும் ஆசிரியர் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்கிறார்: “ரெட் ஆர் ப்ளூ?”

கட்டளைகளும் சுருங்கின. முன்பு, எல்லோரும் இப்போது மெதுவாக எழுந்து உங்கள் மேசைக்குப் போய்த் தாளை எடுங்கள் என்பதை ஒரே நீண்ட வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்வார். இப்போது “ஸ்டாண்ட் அப்.” சைகை. நிறுத்தம். எல்லோரும் எழுந்த பிறகு அடுத்தது. ஒரு செயலுக்கு ஒரே சொற்றொடர்தான். இன்று “ஸிட் டவுன்”, நாளை “டேக் எ ஸீட்” என்று மாற்றினால் குழந்தைக்கு அது வேறு கட்டளை. பதினைந்து சொற்றொடர்களை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். துணை ஆசிரியரும் அவற்றையே பயன்படுத்தினார்.

வகுப்பை அமைதியாக்க ஒரே ஒரு சைகை: இரு முறை மெதுவாகவும் மூன்று முறை வேகமாகவும் கைதட்டல், குழந்தைகள் திருப்பித் தட்ட வேண்டும். இது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு. கடைசிக் குழந்தை அமைதியாகும்வரை ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. மூவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்ந்துவிட்டால், ஒரே வாரத்தில் அந்தக் கைதட்டல் வெறும் சத்தமாகிவிடும். முதல் நாள் 50 வினாடி நிற்க வேண்டியிருந்தது. புதிய ஆசிரியருக்கு அது யுகமாகத் தோன்றும். நின்றுதான் ஆக வேண்டும்.

செயல்களின் வரிசையையும் சொல்ல வேண்டும். சில வேலைகள் குழந்தைகளைக் கிளப்பிவிடும்: துள்ளும் பாட்டு, ஓட்டம், யார் முதலில் என்ற போட்டி. சில வேலைகள் அடக்கும்: கேட்டு வரைதல், கதை கேட்டல், ஒட்டுதல். இரண்டு கிளப்பும் வேலைகளை அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவதைத் தொடங்கவே முடியாது. இரண்டு அடக்கும் வேலைகளை அடுத்தடுத்து வைத்தால் தூங்கி விழுவார்கள், இல்லையென்றால் ஒருவரையொருவர் கிள்ளுவார்கள். சாப்பாட்டுக்கு முன் வரும் பாடம் அடக்கும் வேலையில் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தைத் துணை ஆசிரியர் சாப்பாட்டு மேசையில் சுமக்க நேரும். ஆசிரியர்களுக்குள் மனக்கசப்பு தொடங்குவது பல நேரம் இங்கேதான்.

துணை ஆசிரியர்

முதல் ஐந்து வாரமும் துணை ஆசிரியர் ஒவ்வோர் ஆங்கிலக் கட்டளையையும் உடனுக்குடன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். உதவி செய்யும் நல்லெண்ணத்தில்தான். விளைவு, ஆசிரியர் பேசும்போது குழந்தைகள் அவரைப் பார்க்காமல் துணை ஆசிரியரைப் பார்த்தார்கள். அடுத்து வரப்போவது புரியும் மொழி என்று தெரிந்தால், புரியாத மொழியை யார் கேட்பார்கள்?

இதை வகுப்பின் நடுவே திருத்தினால் உறவு கெடும். துணை ஆசிரியர் பெரும்பாலும் வயதில் மூத்தவர், பள்ளியில் மூத்தவர், சம்பளத்தில் குறைந்தவர். அந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் வார்த்தை தடித்தால் ஆறாது. வாரத்துக்கு ஒரு முறை 15 நிமிடம் உட்கார்ந்து பேச முதல்வரிடம் நேரம் கேட்டு வாங்கினார்கள். முதல் கூட்டத்தில் ஆசிரியர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் துணை ஆசிரியரைப் பேசவைத்துக் குறித்துக்கொண்டார். யாருக்கு வீட்டில் தம்பி பிறந்திருக்கிறது, யார் காலையில் சாப்பிடாமல் வருகிறார், யாருக்கு எந்த உணவு ஒவ்வாமை. இரண்டாம் கூட்டத்தில்தான் உடன்பாடு: ஆங்கிலக் கட்டளைக்குப் பிறகு துணை ஆசிரியர் மனத்துக்குள் ஐந்து எண்ணுவார். அதற்குள் ஆசிரியர் சைகையால் புரியவைக்க முயல்வார். முடியாவிட்டால் ஒரே ஒரு முறை மொழிபெயர்ப்பு. அடிபட்டால், அழுதால், சண்டை வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே தாய்மொழிதான். பயந்த குழந்தையிடம் புரியாத மொழியில் பேசுவது கொடுமை.

கழிப்பறைக்கு யார் அழைத்துப் போவது, உடை மாற்றுவது யார், கதவு திறந்திருக்க வேண்டுமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வெளிநாட்டு ஆசிரியர் எந்தக் குழந்தையோடும் பிறர் பார்வைக்கு எட்டாத அறையில் தனியாக இருக்கக் கூடாது. குழந்தைக்கும் அவருக்கும் அதுவே பாதுகாப்பு. குழந்தைகளின் படங்களைச் சொந்தக் கைபேசியில் எடுப்பதும் சமூக வலைத்தளத்தில் போடுவதும் கூடவே கூடாது. மிட்டாயைப் பரிசாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்: ஒவ்வாமை, மூச்சுத்திணறல் இரண்டுக்கும் அது வழி. மூன்று வயது வகுப்பில் பாசிமணி, பொத்தான், ஊதாத பலூன் எதுவும் எட்டும் உயரத்தில் இருக்கலாகாது.

பேசாத குழந்தை

அந்தத் தாயின் புகாரில் ஒரு தவறும் இல்லை. குழந்தை உண்மையில் ஒன்றும் பேசவில்லை. ஆனால் “டச் யுவர் நோஸ்” என்றால் மூக்கைத் தொட்டது, “ஓபன் தி டோர்” என்றால் கதவை நோக்கி நடந்தது. புது மொழிக்குள் வரும் சிறு குழந்தைகள் பலர் முதலில் சில வாரமோ சில மாதமோ கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மௌனக் காலம் என்று இதைச் சொல்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை இதை ஒட்டியதுதான்: ஆசிரியர் கட்டளை சொல்வார், செய்து காட்டுவார், மாணவர் உடலால் பதில் சொல்வார், வாயால் அல்ல. வாய் தானாகத் திறக்கும்வரை வற்புறுத்தல் இல்லை.

ஆசிரியர் செய்துகொண்டிருந்தது நேர்மாறு. ஒரு குழந்தையை எழுப்பி, “வாட் இஸ் திஸ்?” என்று கேட்டு, ஒரு வினாடி பார்த்துவிட்டு அடுத்த குழந்தைக்குப் போய்விடுவார். வகுப்பறையில் கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் காத்திருக்கும் நேரத்தை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அளந்து எழுதினார். வழக்கமாகக் காத்திருப்பது ஒரு வினாடி அளவுதான், அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டினாலே மாணவர் பதில்கள் நீளமாகவும் பொருத்தமாகவும் வருகின்றன என்று கண்டார். அவர் பார்த்தது சொந்த மொழியில் நடந்த அறிவியல் பாடங்கள். புது மொழியில், நான்கு வயதில், ஐந்து வினாடிக்குக் குறையவே கூடாது.

கேள்விகளைப் படிக்கட்டாக வைத்தார்கள். முதல் படி, சுட்டிக்காட்டுதல்: பூனை எங்கே? அடுத்தது ஆம், இல்லை: இது பூனையா? மூன்றாவது இரண்டில் ஒன்று: இது பூனையா, நாயா? விடை கேள்விக்குள்ளேயே இருப்பதால் குழந்தை எடுத்துச் சொன்னால் போதும். கடைசிப் படியில்தான் இது என்ன என்ற கேள்வி. ஒரு குழந்தை தடுமாறினால் ஒரு படி கீழே இறங்கிக் கேட்க வேண்டும். பதில் வராமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. சொல்லவைப்பதிலும் அப்படியே: முதலில் எல்லோரும் சேர்ந்து, பிறகு நால்வர் குழு, பிறகு கைப்பொம்மையிடம் தனியாக. ஆசிரியரிடம் வாய் திறக்காத குழந்தை பொம்மையின் காதில் சொல்லும். பொம்மைக்குத் தாய்மொழி தெரியாது என்பதை முதல் நாளிலிருந்தே காப்பாற்ற வேண்டும்.

பிழை வந்தால் “நோ” வேண்டாம். குழந்தை ‘வென்ட்’ என்பதற்குப் பதில் “ஐ கோட்” (I goed) என்றால், “யெஸ், யூ வென்ட்!” என்று சரியான வடிவத்தை இயல்பாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் தவறவிடக் கூடாது. தாய்மொழியில் சளசளவென்று பேசி, ஆங்கிலத்தில் மட்டும் மௌனமாக இருந்தால் கவலையில்லை. இரண்டிலும் பேசாத குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத குழந்தை என்றால் அது மொழிப் பாடத்துச் சிக்கல் அல்ல. தேதியோடு பார்த்ததைக் குறித்துத் துணை ஆசிரியரிடமும் முதல்வரிடமும் சொல்ல வேண்டும். காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்வது அவர்கள் வேலை. பெற்றோரிடம் ஆங்கில ஆசிரியர் நேராக எந்த நோயின் பெயரையும் சொல்லிவிடக் கூடாது.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு

ஐந்து வயது வகுப்பு 26 எழுத்துகளையும் பாட்டாகப் பாடியது. மூன்றெழுத்துச் சொல் ஒன்றைக்கூட வாசிக்க முடியவில்லை. தமிழ் வாசகர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நமக்கு ‘ப’ என்பதே எழுத்தின் பெயர், அதுவே ஒலி. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘எச்’ என்ற பெயரில் ஹகர ஒலி இல்லை, ‘டபிள்யூ’ என்ற பெயரில் வகர ஒலி இல்லை. ‘சி, ஏ, டி’ என்ற மூன்று பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் ‘சியேடி’ வருமே தவிர ‘கேட்’ வராது. 26 எழுத்துகளுக்கு ஏறக்குறைய 44 ஒலிகள் இருக்கும் மொழி அது. ஆகவே ஒலி முதலில், பெயர் பிறகு.

ஒலியைச் சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. அதை விளக்கத் தமிழில் புள்ளி இருக்கிறது. சொல்ல வேண்டியது ‘ப’ அல்ல, ‘ப்’. உயிரை ஒட்டி ‘ப–இ–ன’ என்று சொன்னால் குழந்தை எத்தனை முறை கூட்டினாலும் சொல் கிடைக்காது. ‘ப்–இ–ன்’ என்று மெய்யை மெய்யாகவே சொன்னால் ‘பின்’ தானாகக் கூடும். ‘ஸ்’, ‘ம்’, ‘ன்’ போன்றவற்றை இழுக்கலாம், ‘ப்’, ‘ட்’ போன்றவற்றை இழுக்க முடியாது. இழுக்க முடிந்தவற்றில் தொடங்கினால் குழந்தைக்கு ஒலிகளை ஒட்டுவது எளிது. அகர வரிசையிலும் போக வேண்டாம். ஸ், ட், ப், ன் என்ற நான்கு மெய்யும் ‘பின்’னில் வரும் உயிர், ‘கேட்’டில் வரும் உயிர் என்ற இரண்டு குறுகிய உயிரொலிகளும் வந்துவிட்டால் ‘ஸிட்’, ‘பின்’, ‘டின்’, ‘நிப்’ என்று பல சொற்கள் வாசிக்கக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஒலி, அதற்கு மேல் வேண்டாம். சிறிய எழுத்துகள் முதலில், ஏனென்றால் புத்தகத்தில் பெரும்பாலும் இருப்பவை அவைதான்.

எழுதுவதில் அவசரம் வேண்டாம். காற்றில், மணலில், சுவரில் ஒட்டிய தாளில் பெரிதாக வரைந்த பிறகு பென்சில். குட்டையாக உடைந்த க்ரேயான், நீளமானதைவிட நல்லது. முழுக் கையால் பிடிக்க இடமில்லாததால் விரல் நுனியால் பிடிப்பார்கள். எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவது ஆறேழு வயதுவரை சகஜம். அதற்காகப் பக்கம் பக்கமாகத் திருப்பி எழுதவைத்தால் பென்சில்மீதே வெறுப்பு வரும்.

பெற்றோருக்கு அரைப் பக்கம்

ஏழாம் வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உள்ளூர் மொழியில் அரைப் பக்கக் குறிப்பு வீட்டுக்குப் போனது: இந்த வாரப் பாட்டு, ஐந்து வார்த்தை, ஒரு சொற்றொடர். கீழே ஒரு வேண்டுகோள்: “இன்று என்ன படித்தாய், சொல் என்று கேட்காதீர்கள். இந்த மூன்று கட்டளைகளைச் சொல்லிப் பாருங்கள்.” கட்டளையின் உச்சரிப்பும் அவர்கள் எழுத்திலேயே இருந்தது. முன்பு புகார் சொன்ன தாய்க்கு, கதவோரம் நின்று பத்து நிமிடம் பார்க்க முதல்வர் அனுமதி கொடுத்தார். தன் குழந்தை எட்டுக் கட்டளைகளுக்குச் சரியாக அசைவதை அவர் கண்ணால் பார்த்தார். விளக்கத்தால் தீராத சந்தேகம் அதில் தீர்ந்தது.

தொண்டையும் காய்ச்சலும்

கத்தல் குறைந்ததும் தொண்டை பாதி சரியானது. மீதிக்கு, பாடத்துக்கு முன் இரண்டு நிமிடம் வாயை மூடி ‘ம்ம்’ என்று மெல்ல இசைத்தல், கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், அடுத்தடுத்து நான்கு பாடங்கள் வராத கால அட்டவணை. குரல் கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு ஆகாது. கரகரப்பு இரண்டு வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, கை-கால்-வாய் நோய் எல்லாம் முதல் பருவத்தில் வரிசைகட்டி வரும். புது ஊரின் கிருமிகள் உடலுக்குப் புதிது, குழந்தைகள் தும்முவதோ முகத்துக்கு நேராக. சோப்பும் தண்ணீரும் கொண்டு 20 வினாடி கை கழுவுவதுதான் முதல் காப்பு. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸை ஆல்கஹால் ஜெல் சரியாக அழிக்காது.

வகுப்புக்கு வெளியே இருந்த இடைவெளிகள்

இந்த ஆசிரியர் ஆறாம் வாரத்தில் அவ்வளவு தளர்ந்துபோனதற்கு வகுப்பு மட்டும் காரணமல்ல. குடியிருப்பு அட்டை வந்தால்தான் வங்கிக் கணக்கு, வங்கிக் கணக்கு வந்தால்தான் சம்பளம், நிரந்தர முகவரி இருந்தால்தான் அட்டை. இந்தச் சங்கிலி முடிய ஐந்து வாரமானது. முதல் சம்பளம் கைக்கு வந்தது இரண்டாம் மாத நடுவில். வீட்டு முன்பணத்தைத் தவிர்த்து இரண்டு மாதச் செலவுக்குப் பணம் கையில் இல்லாமல் விமானம் ஏறக் கூடாது.

சான்றிதழ்களில் நேரும் தாமதம் இன்னொன்று. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருந்தால் பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாடு தரும் சான்று) போதும். இல்லையென்றால் தூதரகச் சான்றளிப்புவரை போக வேண்டும், அதற்கு வாரங்கள் கூடும். பட்டத்தில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் விரிந்த பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் முன்பே தயார் செய்ய வேண்டும். சுற்றுலா விசாவில் வா, வந்த பிறகு மாற்றித் தருகிறோம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் ஏற்கக் கூடாது. மாட்டிக்கொண்டால் அபராதமும் வெளியேற்றமும் ஆசிரியர் தலையில்தான் விழும்.

ஒப்பந்தத்தில் “வாரம் 25 மணி நேரம்” என்று இருந்தது. பள்ளி அதை 25 கற்பித்தல் மணியாகக் கொண்டது. ஆசிரியர் பள்ளியில் இருக்கும் மொத்த நேரம் என்று நினைத்தார். கற்பித்தல் மணி எத்தனை, பள்ளியில் இருக்க வேண்டிய மணி எத்தனை, 40 நிமிடப் பாடம் ஒரு மணியாகக் கணக்காகுமா, தயாரிப்புக்கு நேரம் உண்டா, நோய்விடுப்புக்குச் சம்பளம் உண்டா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்ற ஆறையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பன்னிரண்டாம் வாரம்

மூத்த ஆசிரியர் மறுபடி கடிகாரத்தோடு உட்கார்ந்தார். அதே நான்கு வயது வகுப்பு, பாடம் உடைகள். இடைவெளிகள் மொத்தம் 6 நிமிடம். அதிலும் பாதிக்கு மேல் பாட்டும் சீட்டும் நிரப்பியிருந்தன. கைதட்டலுக்குப் பிறகு அமைதிக்கு 8 வினாடி. பதினாறில் பதினொரு பேர் இரண்டில் ஒன்று என்ற கேள்விக்கு வாயால் பதில் சொன்னார்கள். மூவர் சுட்டிக்காட்டினார்கள். ஒரு குழந்தை பொம்மையிடம் மட்டும் பேசியது. பதினாறாவது குழந்தை தாய்மொழியிலும் பேசவில்லை என்பதைத் துணை ஆசிரியர் உறுதி செய்ததால், முதல்வர் பெற்றோரை அழைத்துப் பேசியிருந்தார். செவிப் பரிசோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

ஐந்து வயது வகுப்பு இன்னும் சரியாகவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கப் பள்ளிக்குப் போகிறவர்கள் என்பதால் பெற்றோர் எழுத்துப் பயிற்சித் தாள்களையே கேட்கிறார்கள்; ஒலிகளில் பாதிதான் முடிந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் தாள், மூன்று நாள் ஒலி என்று பள்ளி சமரசம் செய்திருக்கிறது.

பருவ விடுமுறைக்கு முன் ஆசிரியரும் துணை ஆசிரியரும் சேர்ந்து ஒரு கோப்பு தயாரித்தார்கள். அதில் இருப்பவை: பதினைந்து கட்டளைச் சொற்றொடர்கள், ஒரு வேலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பாடும் மூன்று பாட்டுகளின் வரிகள், தரை அடையாளங்களில் யார் எங்கே என்ற படம், ஒவ்வாமைப் பட்டியல், ஒவ்வொரு வகுப்பிலும் முடிந்த வார்த்தைகளும் ஒலிகளும், ஒவ்வொரு குழந்தையும் கேள்விப் படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கிறது என்ற குறிப்பு. மொத்தம் ஒன்பது பக்கம். ஃபிளாஷ் கார்டு பெட்டியின் மேலேயே அது வைக்கப்பட்டிருக்கிறது.